உயரம் எங்கிருந்து, எதுவரை?

வாசகர் கடிதம்: எங்கள் மனை சாலையிலிருந்து பின்னோக்கிச் சரிகிறது. முன்னெல்லைக்கும் பின்னெல்லைக்கும் இடையில் 24 மீட்டர். அதற்குள் தரை 2.4 மீட்டர் இறங்கிவிடுகிறது. தரைத்தளமும் அதன் மேல் இரண்டு தளங்களுமாக ஒரு வீட்டுக்கு வரைபடம் போட்டு அனுமதி கேட்டோம். எங்கள் மண்டலத்தில் உயர வரம்பு 10 மீட்டர், அதிகபட்சம் மூன்று தளங்கள். எங்கள் பொறியாளர் கணக்கில் வீட்டின் உயரம் 9.45 மீட்டர். உள்ளாட்சி அலுவலகமோ “10.45 மீட்டர், சராசரித் தரை மட்டம் காண்க” என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டது. வித்தியாசம் சரியாக ஒரு மீட்டர். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரும் ஒரு மீட்டர்தான். அதைச் சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்று நினைக்கிறோம். சுவரைப் பாதியாகக் குறைத்துவிடலாமா? இல்லை, பின்பக்கம் மண் கொட்டி மேடாக்கிவிட்டால் சரியாகுமா? பக்கத்து வீடு எங்கள் வீட்டைவிட உயரமாகவே தெரிகிறது. அதற்கு எப்படி அனுமதி கொடுத்தார்கள்? “அரை மீட்டருக்காக யாரும் இடிக்கச் சொல்லமாட்டார்கள், கட்டி முடித்துவிட்டு விதித் தளர்வு கேட்டுக்கொள்ளலாம்” என்கிறார் ஒப்பந்ததாரர். வரைபடத்தையும் விதிப் பக்கத்தின் நகலையும் பக்கத்து வீட்டின் புகைப்படத்தையும் இணைத்திருக்கிறோம்.

ஆலோசனை:

கைப்பிடிச் சுவரைத் தொடாதீர்கள். மற்றவற்றைப் பொறுமையாகப் பார்க்கலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் அரை மீட்டர் சுவர் என்பது பெரியவர்களுக்கு முழங்கால் உயரம், குழந்தைகளுக்கு ஏறி நிற்க ஒரு திண்ணை. அப்படிக் குறைத்தாலும் அலுவலகத்தின் 10.45-இல் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையாது. ஏனென்றால் அவர்கள் கைப்பிடிச் சுவரை எண்ணவே இல்லை. இரண்டு “ஒரு மீட்டர்கள்” தற்செயலாக ஒரே அளவில் வந்து நின்று உங்களைக் குழப்பிவிட்டன.

நீங்கள் அனுப்பிய விதிப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும் இடம் அட்டவணை. மண்டலத்தின் பெயர், எதிரே 10 மீட்டர். ஆனால் உங்கள் சிக்கல் அதற்கு மேலே சிறிய எழுத்தில் உள்ள வரையறைப் பகுதியில் இருக்கிறது. கட்டடத்தின் வெளிமூலைகள் தொடும் இடங்களில் இயற்கையான தரை மட்டம் என்னவோ அவற்றின் சராசரியிலிருந்து, தட்டைக் கூரையின் மேல்மட்டம் வரை என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். 1.2 மீட்டர் வரையுள்ள கைப்பிடிச் சுவர் கணக்கில் சேராது என்பதும் அதே பத்தியில்தான் உள்ளது. உங்கள் பொறியாளர் சாலை மட்டத்திலிருந்து அளந்திருக்கிறார். அது பழக்கத்தில் வந்த தவறு. சமதளமான மனைகளிலேயே வேலை செய்து பழகியவர்களுக்குச் சாலையும் தரையும் ஒன்றுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சாலை மட்டத்தைச் சுழியம் என்று வைத்துக்கொள்வோம். தரைத்தளத்தின் தரை அதிலிருந்து 45 செ.மீ. மேலே. ஒரு தளத்துக்கு 3 மீட்டர் வீதம் மூன்று தளங்களுக்கு 9 மீட்டர். ஆக, கூரையின் மேல்மட்டம் 9.45. பொறியாளர் இங்கே நிறுத்திவிட்டார். மனையோ ஒவ்வொரு மீட்டருக்கும் 10 செ.மீ. இறங்குகிறது. வீடு முன்னெல்லையிலிருந்து 4 மீட்டர் தள்ளித் தொடங்கி 16-ஆவது மீட்டரில் முடிகிறது. முன்மூலைகளில் தரை சாலையைவிட 40 செ.மீ. தாழ்வு, பின்மூலைகளில் 1.6 மீட்டர் தாழ்வு. சராசரி சரியாக ஒரு மீட்டர் தாழ்வு. 9.45-உடன் அந்த ஒன்றைக் கூட்டினால் சிவப்பு மையில் எழுதிய எண் வந்துவிடும்.

இதே வரைபடத்தை வேறு வரையறை உள்ள ஊருக்குக் கொண்டுபோனால் என்னவாகும் என்று விளையாட்டாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். மிகத் தாழ்ந்த தரையிலிருந்து அளக்கும் ஊரில் 11.05. அங்கேயே கைப்பிடிச் சுவரையும் எண்ணினால் 12.05. சாலையிலிருந்து, சுவரை விட்டுவிட்டு அளக்கும் ஊரில் 9.45. ஒரு செங்கல்கூட நகரவில்லை, உயரம் மட்டும் இரண்டரை மீட்டருக்கு மேல் ஆடுகிறது. அதனால்தான் என்னிடம் யாராவது “எங்கள் பகுதியில் எத்தனை மீட்டர் வரை கட்டலாம்?” என்று கேட்டால், எங்கிருந்து, எதுவரை என்று திருப்பிக் கேட்பேன். அந்த இரண்டு புள்ளிகளும் தெரியாதவரை மீட்டர் கணக்குக்கு மதிப்பில்லை.

இந்த இரண்டு புள்ளிகளைப் பற்றிய தகராறு மிகப் பழையது. ரோமாபுரியில் பேரரசர் அகஸ்டஸ் 70 அடி வரம்பு விதித்தார் என்று அக்காலத்துக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அவர் சொல்வது பொதுத் தெருக்களை ஒட்டி எழும் கட்டடங்களைப் பற்றி. தெருவை ஒட்டாத பின்கட்டு என்ன ஆயிற்று என்று என் போன்றவர்களுக்குத் தோன்றாமல் இருக்காது. பாரிஸ் நகரம் 1783-இல் முகப்பின் உயரத்தைத் தெருவின் அகலத்தோடு கட்டிப்போட்டது. ஆனால் அந்த உயரம் சுவரின் உச்சியில் ஓடும் விளிம்புப் பட்டை வரைதான், அதற்கு மேலே கூரைக்குத் தனி வரம்பு. விளைவு, பட்டைக்கு மேலே கூரைக்குள்ளேயே மக்கள் குடியேறினார்கள். இன்று பாரிஸின் அழகு என்று படம் பிடிக்கப்படும் அந்தச் செங்குத்தான கூரைகளும் அவற்றில் எட்டிப்பார்க்கும் ஜன்னல்களும் “எதுவரை” என்ற சொல்லுக்குள் புகுந்து பிறந்தவை. விதி எங்கே கோடு கிழிக்கிறதோ அதற்கு மறுபக்கம் ஓர் அறை முளைக்கும். இதில் எனக்கு வருத்தமில்லை, என் தொழிலில் பாதி அதுதான்.

உங்கள் பக்கத்து வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் அந்த வீட்டுக்குச் சரிவுக் கூரை இருக்கிறது. உங்கள் விதிப் பக்கத்திலேயே தட்டைக் கூரைக்கு அடுத்த வரியைப் படியுங்கள்: சரிவுக் கூரையானால் இறவாரத்துக்கும் (கூரையின் கீழ் விளிம்பு) முகட்டுக்கும் (அதன் உச்சி) நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். இறவாரம் 8.5 மீட்டரிலும் முகடு 11.5 மீட்டரிலும் இருந்தால் கணக்கில் வரும் உயரம் 10. கண்ணுக்கு வரம்பைவிட ஒன்றரை மீட்டர் ஓங்கித் தெரியும், விதிப்படியோ வரம்புக்குள் கச்சிதமாக நிற்கும். அந்த வீட்டின் உண்மையான அளவு எனக்குத் தெரியாது, இப்படியும் இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். வேறு காரணங்களும் இருக்க வாய்ப்புண்டு. இப்போதைய விதிக்கு முன்னால் கட்டியதாக இருக்கலாம். அப்படிப்பட்டவற்றை இருந்தபடி இருக்கவிடுவார்கள், ஆனால் அதைக் காட்டி இன்னொருவர் அனுமதி கேட்க முடியாது. மூலை மனையாக இருந்து, அகலமான சாலையை வைத்துக் கணக்கிட்டிருக்கலாம். வாஷிங்டனில் அப்படித்தான்: வணிகத் தெருக்களில் கட்டடத்தின் உயர வரம்பு தெருவின் அகலத்தோடு 20 அடி சேர்த்த அளவு, மூலை மனைக்கு அகலமான தெருவே கணக்கு. மாடியில் தெரிவது லிஃப்ட் அறையாகவோ தண்ணீர்த் தொட்டியாகவோ இருந்தால், பெரும்பாலான விதிகள் அவற்றைக் குறிப்பிட்ட பரப்புக்குள்ளும் உயரத்துக்குள்ளும் மன்னித்துவிடும். அல்லது அந்த வீடு உண்மையிலேயே விதியை மீறியதாக இருக்கலாம். அது அவர்களுக்கும் அலுவலகத்துக்கும் உள்ள விவகாரம். உங்கள் கோப்பில் அதை இழுத்துப் போடுவதால் உங்கள் 45 செ.மீ. குறையாது.

இந்த மன்னிப்புப் பட்டியல் சிறிய சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் இயந்திர அறைகளின் பரப்பு, மனைக்கு அனுமதித்த மொத்தத் தளப்பரப்புக் கணக்கில் சேராது. அதை வைத்துச் சில அடுக்குமாடிக் கோபுரங்களின் நடுவே வெறும் காற்றை அடைத்தது போன்ற மிக உயரமான “இயந்திர அறைகளை” வைத்து, மேலே உள்ள வீடுகளை வானத்துக்கு ஏற்றினார்கள். உயரத்துக்கு உயரம் விலை உண்டல்லவா. 2019-இல் நகரம் விதியைத் திருத்தி, குடியிருப்புக் கோபுரங்களில் 25 அடிக்கு மேற்பட்ட இயந்திர அறைகளைத் தளப்பரப்பில் சேர்க்கத் தொடங்கியது.

சரி, 45 செ.மீ.-யை எங்கே பிடிப்பது?

மண் கொட்டும் யோசனை பலிக்காது. “இயற்கையான தரை மட்டம்” என்று உங்கள் விதி சொல்வது, நீங்கள் கை வைப்பதற்கு முன் இருந்த மட்டத்தை. நாளை இரண்டு மீட்டர் மேடாக்கினாலும் கணக்கு பழைய தரையிலிருந்துதான். செலவு போக, பின்னெல்லையில் மண்ணைத் தாங்க ஒரு தடுப்புச் சுவரும், அதன் வழியே கீழ் மனைக்கு ஊறும் நீரும், அதையொட்டிய சண்டையும் மிச்சம்.

வீட்டை இரண்டு படியாக உடைத்துப் பின்பாதியை அரைத் தளம் கீழே இறக்கலாம் என்று உங்கள் பொறியாளர் அடுத்து சொல்லக்கூடும். சரிவான மனைக்கு அது அருமையான வழி, எனக்கும் பிடிக்கும். சில இடங்களில் கூரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் கீழே உள்ள தரையிலிருந்து உயரம் பார்ப்பார்கள். அங்கே படிபோல் இறங்கும் வீடு நிறையவே லாபம் தரும். உங்கள் விதி முழுக் கட்டடத்துக்கும் ஒரே சராசரியை எடுக்கிறது, உச்சியாக மிக உயர்ந்த கூரையைப் பார்க்கிறது. பின்பாதியை இறக்கினாலும் முன்பாதியின் கூரை அதே இடத்தில் நிற்கும், சராசரியும் அதே ஒரு மீட்டரில் நிற்கும், 10.45-உம் அப்படியே நிற்கும். படியாக உடைத்த பகுதிகளைத் தனித்தனிக் கட்டடமாகக் கருதும் விதி ஏதேனும் உங்கள் தொகுப்பின் வேறு பக்கத்தில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இல்லை.

எனக்குத் தெரியும் வழி சலிப்பானது, மூன்று இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுவது.

முதலில், வீட்டை ஒரு மீட்டர் முன்னே நகர்த்துங்கள். உங்கள் மண்டலத்தில் முன்புற இடைவெளி 3 மீட்டர் போதும், வரைபடத்தில் 4 விட்டிருக்கிறீர்கள். ஒரு மீட்டர் முன்னே வந்தால் நான்கு மூலைகளும் 10 செ.மீ. மேட்டில் அமரும். காசு செலவில்லாத 10 செ.மீ. இது. பின்பக்கம் ஒரு மீட்டர் கூடுதலாகக் கிடைப்பது உபரி.

அடுத்து, தளத்துக்குத் தளம் 3 மீட்டராக இருப்பதை 2.9 ஆக்குங்கள். மூன்று தளங்களில் 30 செ.மீ. வந்துவிடும். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். 2.9 என்பது தரையிலிருந்து மேல்தளத் தரை வரை. அதில் கான்கிரீட் தளத்துக்கு 12.5 செ.மீ.-யும், மேலே பதிக்கும் தரைக்கும் அதன் கலவைக்கும் கீழே பூச்சுக்குமாக 7 செ.மீ. சொச்சமும் போனால், அறைக்குள் மிஞ்சுவது ஏறத்தாழ 2.7. வசிக்கும் அறையின் குறைந்தபட்ச உயரம் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. 2.4 போதும் என்ற விதிகளும் உண்டு, 2.75-க்குக் குறையக் கூடாது என்ற விதிகளும் உண்டு. உங்கள் ஊரில் இரண்டாவது வகையானால் இந்த வழி ஏறத்தாழ பாதி அடைபட்டுவிடும். அப்போது ஒரு தளத்தை மட்டுமாவது சரிவுக் கூரைக்குள் நுழைக்க முடியுமா என்று பார்க்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் செய்ததுபோல.

மூன்றாவது, தரைத்தளத்தின் தரையைச் சாலையிலிருந்து 45-க்குப் பதில் 30 செ.மீ. உயரத்தில் வையுங்கள். 15 செ.மீ. கிடைக்கும். இதற்கு மேல் இறக்க வேண்டாம். உங்கள் மனை சாலையைவிடத் தாழ்வு, மழைநீர் முதலில் உங்கள் வாசலைத்தான் தேடி வரும். வாசலுக்கு முன்னால் குறுக்கே ஒரு வடிகால் வெட்டி, பக்கவாட்டு இடைவெளி வழியாகப் பின்னே கொண்டுபோய் விடுங்கள்.

மூன்றையும் கூட்டினால் 55 செ.மீ. புதிய உயரம் 9.90. வரம்புக்கு 10 செ.மீ. கீழே ஏன் நிற்கச் சொல்கிறேன் என்றால், வரைபடத்தில் கோடாக இருப்பது தளத்தில் கலவையாகக் கொட்டப்படுகிறது. மொட்டை மாடியில் நீர் வடிய ஒரு சரிவுக் கலவை போடுவார்கள், அது வடிகுழாய்ப் பக்கம் மெல்லியதாகவும் எதிர்ப்பக்கம் கைமுட்டித் தடிமனாகவும் இருக்கும். “கூரையின் மேல்மட்டம்” என்றால் கான்கிரீட்டின் மேல்மட்டமா, இந்தக் கலவையின் மேல்மட்டமா? உங்கள் வரையறை சொல்லவில்லை. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் கலவை வரை என்று வந்தால், உங்களிடம் மிச்சமுள்ள 10 செ.மீ. அங்கே தீர்ந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. வீட்டின் பின்பக்கம் தரைத்தளத் தரைக்கும் மண்ணுக்கும் இடையே இப்போது 2.05 மீட்டர் வெற்றிடம் இருக்கிறது, மாற்றிய வரைபடத்தில் அது 1.8 ஆகும். கட்டும்போது யாராவது ஒருவர் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கதவு வைத்தால் சாமான் அறையாகிவிடுமே என்று சொல்வார். அநேகமாக அவர் உங்கள் ஒப்பந்ததாரராக இருப்பார். உங்கள் மண்டலத்தில் மீட்டர் வரம்பு தனி, தள எண்ணிக்கை வரம்பு தனி. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற வேண்டும். தரைக்கு மேல் இவ்வளவு எழும்பிய அடித்தளம் ஒரு தளமாகவே எண்ணப்படும் என்று பல விதிகளில் இருக்கும். கதவு வைத்த அன்றே உங்கள் மூன்று தளம் நான்காகிவிடலாம். அந்த இடத்தை எப்படி எண்ணுவார்கள் என்று தெரிந்துகொள்ளும்வரை வரைபடத்தில் அது வெற்றிடமாகவே இருக்கட்டும்.

இனி ஒப்பந்ததாரரின் யோசனை. விதித் தளர்வு என்பது கட்டுவதற்கு முன் கேட்பது. அதைக் கொடுப்பவர்கள் பொதுவாகப் பார்ப்பது, இந்த மனைக்கே உரிய ஏதோ ஓர் இயல்பால் விதியைப் பின்பற்ற முடியாமல் போகிறதா என்பதை. சரிவான நிலம் அதற்குப் பேர்போன காரணம், அந்த வகையில் உங்கள் கை பலமானதுதான். ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும்: வரைபடத்தை மாற்றிச் சமாளிக்க முடியாதா? முடியும் என்று மேலே நானே காட்டிவிட்டேன். நான் அந்தக் குழுவில் இருந்தால் உங்கள் மனுவைத் தள்ளுபடி செய்வேன். கட்டி முடித்துவிட்டுக் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். நிலத்தால் வந்த இடர் என்று சொல்ல முடியாது, நீங்களே வரவழைத்துக்கொண்டது என்றாகிவிடும்.

“இடிக்கச் சொல்லமாட்டார்கள்” என்பதற்கு நியூயார்க்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கிழக்கு 96-ஆவது தெருவில் 1985-இல் அனுமதி வாங்கி 31 மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. பார்க் அவென்யூவிலிருந்து 150 அடி தூரம் வரை 19 மாடிதான் கட்டலாம் என்பது விதி. ஆனால் அச்சிட்ட மண்டல வரைபடத்தில் 150-க்குப் பதில் 100 என்று தவறாக இருந்தது. கட்டியவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள், அனுமதி கொடுத்தவர்களும் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு தவறு தெரிந்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள். வழக்கு மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. தவறாகக் கொடுத்த அனுமதி, விதியை மீறும் உரிமையைத் தராது என்று 1988-இல் தீர்ப்பு. 1993-இல் மேலிருந்து 12 மாடிகளை வெட்டி இறக்கினார்கள். அங்கே கட்டியவர்களிடம் முத்திரை குத்திய அனுமதியாவது இருந்தது. உங்களிடம் இருப்பது சிவப்பு மையில் எழுதிய மறுப்பு.

கடிதத்தின் ஓரத்தில் “இந்த விதியே எதற்கு?” என்று ஒரு கோபம் எட்டிப்பார்க்கிறது. நியாயமான கோபம்தான், ஏனென்றால் விதியைக் கொடுப்பவர்கள் காரணத்தைக் கொடுப்பதில்லை. உயர வரம்புக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்றிருக்கும். எது என்று தெரிந்தால் அது எவ்வளவு வளையும் என்பதும் தெரியும்.

தெருவுக்கு வெளிச்சம் ஒரு காரணம். நியூயார்க்கில் 1915-இல் எக்விட்டபிள் கட்டடம் 38 மாடிகளாகத் தெரு ஓரத்திலிருந்தே செங்குத்தாக எழுந்தது. ஓர் ஏக்கருக்கும் சற்றுக் குறைவான மனையில் ஏறத்தாழ 12 லட்சம் சதுர அடி. அக்கம்பக்கத்துத் தெருக்கள் இருண்டன. மறு ஆண்டே நகரம் முழுமைக்கும் மண்டல விதி வந்தது. அது யாரையும் இத்தனை மீட்டரோடு நில் என்று சொல்லவில்லை. தெரு அகலத்தின் மடங்காக ஓர் உயரம் வரை நேராக எழும்பு, அதற்கு மேல் ஒதுங்கி ஒதுங்கிப் போ, மனையின் கால் பங்கில் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் போ என்றது. படிப்படியாக ஒதுங்கும் அந்த ஊரின் கட்டடங்கள் அந்த விதியின் அச்சில் வார்த்தவை. அண்டை வீட்டு வெயிலுக்காக விதி செய்தது ஜப்பான். அங்கே 1976-இலிருந்து குடியிருப்பு மண்டலங்களில், ஆண்டிலேயே நிழல் நீளமாக விழும் குளிர்காலத் திருப்பு நாளில் காலை 8 முதல் மாலை 4 வரை பக்கத்து நிலத்தில் உங்கள் நிழல் எத்தனை மணி நேரம் விழலாம் என்பதற்கே கணக்குண்டு. நிழல் காரணமான விதிகளில் பேச இடமுண்டு. வீட்டின் எந்தப் பக்கம் ஒதுங்கினால் யாருக்கு வெயில் திரும்பும் என்று வரைந்து காட்டினால் கேட்பார்கள்.

இரண்டாவது காரணம் தீயணைப்பு ஏணி. வாஷிங்டனின் உயர வரம்பு நாடாளுமன்றக் குவிமாடத்தை மறைக்காமல் இருக்கத்தான் என்று ஊரே நம்புகிறது. உண்மையில் 1894-இல் எழுந்த 164 அடி உயரக் கட்டடம் ஒன்றைப் பார்த்து, இவ்வளவு உயரத்தில் தீப்பிடித்தால் எந்த ஏணி எட்டும் என்று எழுந்த பயத்திலிருந்து 1899-இல் வந்தது முதல் சட்டம். இப்போதுள்ளது 1910-இன் சட்டம். தீ விதிகளில் “எதுவரை” என்பது வேறு என்பதையும் கவனியுங்கள். அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பில் உயர்மாடி என்பதற்கான 75 அடி, கூரை வரை அல்ல, மனிதர் புழங்கும் கடைசித் தளத்தின் தரை வரை. தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் மட்டத்திலிருந்து. ஆள் எங்கே நிற்கிறார், வண்டி எங்கே நிற்கிறது, அவ்வளவுதான் தீயணைப்பு வீரருக்கு முக்கியம். இந்த வகை வரம்பில் தளர்வு கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விமானப் பாதையும் அப்படித்தான், கெஞ்சினாலும் வளையாது. பெரிய ஓடுபாதைகளைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை, விமான நிலைய மட்டத்துக்கு மேல் 45 மீட்டரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருப்பதாகப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதிகள் நெடுங்காலமாகக் கருதிவந்திருக்கின்றன. 10 மீட்டர் வீட்டுக்கு இது பொருட்டல்ல என்று தோன்றும். வீடு குன்றின் மேல் இருந்தால் பொருட்டுதான். கடைசிக் காரணம் காட்சி. லண்டனில் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடம் ஆற்றங்கரையிலிருந்தும் பாலங்களிலிருந்தும் தெரிய வேண்டும் என்று 1930-களின் இறுதியிலிருந்து சுற்றிலுமுள்ள கட்டடங்களுக்குக் கட்டம் கட்டமாக உயரம் குறித்துவைத்திருக்கிறார்கள்.

உங்கள் மண்டலத்தின் 10 மீட்டர், மூன்று தளம் என்பதைப் பார்த்தால் இவற்றில் முதல் வகைதான்: தெருவின் அளவையும் அண்டை வீட்டு வெளிச்சத்தையும் காக்க வந்தது. வடிவமைப்பு நெறிமுறை என்று தனிப் புத்தகம் ஒன்றையும் அலுவலகம் வைத்திருக்கக்கூடும். மேல்தளம் முகப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் ஒதுங்க வேண்டும், தாழ்வான மண்டலத்தை ஒட்டிய பக்கம் உயரம் படிப்படியாகக் குறைய வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அதில்தான் ஒளிந்திருக்கும். வீட்டை ஒரு மீட்டர் முன்னே நகர்த்துவதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

அலுவலகத்துக்கு மறுபடி போகும்போது நான்கு பக்கத் தோற்றங்களோடு நிறுத்தாமல், சாலை முதல் பின்னெல்லை வரை மனையை நெடுக்கே வெட்டிய வெட்டுத்தோற்றம் ஒன்றையும் வரையச் சொல்லுங்கள். சாலை மட்டம், நான்கு மூலைகளின் இயற்கைத் தரை மட்டம், அவற்றின் சராசரி, கூரையின் மேல்மட்டம், கைப்பிடிச் சுவரின் உச்சி ஆகியவை அதில் எண்ணோடு இருக்க வேண்டும். தரை மட்டங்களை நில அளவையாளர் ஒருவர் எடுத்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு மண்வெட்டி மண்ணைக்கூட அள்ளுவதற்கு முன் இது நடக்கட்டும். வேலை தொடங்கிய பிறகு இயற்கையான தரை எங்கே இருந்தது என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிரச் சாட்சி இருக்காது.

அளவையாளர் எந்தப் புள்ளியைச் சுழியமாக வைக்கிறார் என்பதையும் பக்கத்தில் நின்று பாருங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் தெருவிலிருந்த சாக்கடை மூடி ஒன்றைச் சுழியமாக வைத்துக்கொண்டேன், இரும்பு மூடி எங்கே போய்விடும் என்ற தைரியத்தில். வீடு எழும்பிக்கொண்டிருந்தபோது சாலைக்கு மறு பூச்சுப் போட்டு, மூடியையும் 12 செ.மீ. தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். மேல்தளத்துக்கு மட்டம் பார்த்த மேஸ்திரி அதே மூடியிலிருந்துதான் அளந்தார். ஆய்வுக்கு வந்தவரோ எதிர் வீட்டு வாசற்படியில் வெட்டியிருந்த அரசாங்க மட்டக்குறியிலிருந்து அளந்தார். அந்த 12 செ.மீ.-க்காக மொட்டை மாடியின் சரிவுக் கலவை முழுவதையும் பெயர்த்து எடுத்தோம். உங்கள் தெருவில் அப்படி ஒரு நிலையான மட்டக்குறி எங்கே இருக்கிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள், அதன் எண்ணையும் வெட்டுத்தோற்றத்திலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.